கோர்டோபாவிலிருந்து லண்டனுக்கு: 'கார்ட்வெய்னர்' என்னும் ஆங்கிலத் தொழிற்பெயரின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

காலணி செய்வோரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கிய 'கார்ட்வெய்னர்' என்னும் சொல், ஸ்பெயின் நாட்டுக் கோர்டோபா நகரின் பெயரிலிருந்து பிறந்தது. ஊர்ப்பெயர் தோலின் பெயராகி, தோலின் பெயர் தொழிலாளியின் பெயராகியது. அப்பெயர் பின்னர் ஒரு குழுவின் உரிமையைக் காக்கும் சட்டச் சொல்லாகவும் நிலைபெற்றது. இந்த நான்கு நிலைகளையும் இக்கட்டுரை வரலாற்றுச் சான்றுகளின் துணையுடன் ஆராய்கின்றது. ஆவணங்களில் காணப்படும் தொழிற்பெயரை, செய்த வேலையின் விவரணமாக மட்டும் கொள்ளலாகாது என்பதும், அது பெரும்பாலும் உரிமைக் கோரலாகவே அமைகின்றது என்பதும் இக்கட்டுரையின் துணிபு ஆகும்.

திறவுச்சொற்கள்: தொழிற்பெயர், சொற்பிறப்பு, கோர்டோபா, கார்ட்வெய்னர், காப்ளர், தொழிற்குழு, தோல் பதனிடுதல்

முன்னுரை

தொழில் செய்வோர்க்குப் பெயர் அமையும் முறைகள் பல. செய்யும் வினையால் பெயர் அமைவது ஒன்று. செய்து முடிக்கும் பொருளால் அமைவது மற்றொன்று. கையாளும் மூலப்பொருளால் அமைவது இன்னொன்று. காலணித் தொழிலில் இம்மூன்றிற்கும் சான்று உண்டு. தைத்தல் என்னும் வினையடியாகப் பிறந்த 'சூட்டர்' என்பது இலத்தீன் மொழியில் காலணி தைப்போனைக் குறித்தது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை தோலைத் தைப்போரைத் 'துன்னர்' என்று சுட்டுகின்றது. 'துன்னுதல்' என்பதும் தைத்தலே ஆதலின், இரு மொழிகளும் ஒரே நெறியைக் கைக்கொண்டமை புலனாகின்றது. 'ஷூமேக்கர்' என்னும் ஆங்கிலச் சொல் செய்பொருளால் அமைந்தது. 'கார்ட்வெய்னர்' என்னும் சொல்லோ மூலப்பொருளால் அமைந்தது. அதுவும் ஒரு குறிப்பிட்ட ஊரின் தோலால் அமைந்தது.

இன்றைய ஆங்கிலப் பேச்சு வழக்கில் இச்சொல் அரிதாகிவிட்டது. எனினும் லண்டன் மாநகரின் ஆட்சிப் பிரிவுகளுள் ஒன்று 'கார்ட்வெய்னர்' என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. அந்நகரின் பழந்தொழிற் குழுக்களின் முன்னுரிமை வரிசையில் கார்ட்வெய்னர் குழு 27 ஆம் இடத்தில் உள்ளது. திருச்சபைப் பதிவேடுகள், உயில்கள், வழக்காவணங்கள் ஆகியவற்றில் இப்பெயர் பல நூற்றாண்டுகள் இடம்பெற்றது. பேச்சில் தேய்ந்த ஒரு சொல் ஆவணத்தில் நின்று நிலைத்தது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும்.

1. ஊர்ப்பெயர் தோற்பெயரானமை

அரேபியர் 'குர்துபா' என வழங்கிய கோர்டோபா, இசுலாமிய ஸ்பெயினின் தலைநகராக விளங்கியது. கி.பி. 929 இல் மூன்றாம் அப்துர் ரகுமான் தம்மைக் கலீபாவாக அறிவித்தபின் மேற்கு ஐரோப்பாவின் மிகப்பெரிய நகரங்களுள் ஒன்றாக அது வளர்ந்தது. அந்நகரின் தோல் அதற்கு முன்பே புகழ்பெற்றிருந்தது என்பதற்குச் சான்று உண்டு. சார்லமேன் மன்னரின் தூதராக 798 இல் தென்பிரான்சுப் பகுதிகளில் நீதி விசாரணை மேற்கொண்ட ஓர்லியான்சு ஆயர் தியோடுல்ஃப், நீதிபதிகளைக் குறித்து இலத்தீனில் ஒரு நெடும்பாடல் இயற்றினார். வழக்காட வந்தோர் தம்மை வளைக்கக் கொணர்ந்த கையுறைப் பொருள்களை அதில் அவர் அடுக்குகின்றார். அவற்றுள் கோர்டோபாவின் பெயரால் வழங்கிய தோல்களும் உண்டு. வெண்மை ஒன்று, செம்மை ஒன்று என அவற்றின் நிறத்தையும் குறிக்கின்றார். நீதிபதிக்குக் கையூட்டாகக் கொடுக்கத்தக்க அளவு அத்தோல் விலைமதிப்புடையதாக இருந்தது என்பதும், எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊர்ப்பெயர் தோலுக்கு ஏறிவிட்டது என்பதும் இதனால் தெளிவாகின்றன.

இத்தோல் வெள்ளாட்டுத் தோல் ஆகும். படிகாரம் கொண்டும், சுமாக் என்னும் செடியின் இலை கொண்டும் ஆட்டுத்தோலை மென்மையாகப் பதப்படுத்தும் நுட்பம் மத்தியதரைக் கடற்பகுதியில் வேரூன்றியிருந்தது. கருவாலி மரப்பட்டை நீரில் நீண்டகாலம் ஊறவைத்துப் பதனிடப்பட்ட வட ஐரோப்பிய மாட்டுத்தோல் தடிப்பானது, கடினமானது. கோர்டோபாத் தோலோ மெல்லியது, எளிதில் வளைவது, சாயத்தை நன்கு ஏற்பது. ஆகவே வடநாட்டார்க்கு அது ஒரு புதுப்பொருளாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஸ்பானிய மொழியில் 'கோர்டோபான்' என்பது வெள்ளாட்டுத் தோலையும், 'குவாதமெசீ' என்பது அழகு வேலைப்பாடமைந்த செம்மறியாட்டுத் தோலையும் குறித்தன. இரண்டும் வேறாகவே கருதப்பட்டன.

ஸ்பானியச் சொல் பழம்பிரெஞ்சில் 'கோர்தோவான்', 'கோர்தெவான்' எனத் திரிந்து, அங்கிருந்து ஆங்கிலத்தில் 'கார்ட்வெய்ன்' ஆயிற்று. இத்தாலியத்திலும் செருமானியத்திலும் இதன் இனச்சொற்கள் உள்ளன. ஐரோப்பாவின் பல மொழிகள் ஒரே ஊரின் பெயரைத் தோலுக்கு ஏற்றுக்கொண்டமை, அத்தோல் வணிகத்தின் பரப்பைக் காட்டும் மொழியியற் சான்று எனலாம். சாசர் தமது சர் தோபாஸ் கதையில் அவ்வீரனின் காலணி கார்ட்வெய்ன் தோலால் ஆனது எனக் குறிப்பிடுவதும், பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலேயருக்கு அது ஆடம்பரத்தின் அடையாளமாக விளங்கியதைக் காட்டும்.

2. நார்மானியர்க்கு முன்னும் பின்னும்

நார்மானியர் வெற்றிக்கு (1066) முன்னரும் இங்கிலாந்தில் காலணி செய்வோர் இருந்தனர். அவர்க்குப் பெயரும் இருந்தது. ஏறத்தாழ கி.பி. 1000 அளவில் ஆல்ஃப்ரிக் என்னும் துறவி, மாணவர்க்கு இலத்தீன் கற்பிக்க ஓர் உரையாடல் நூல் இயற்றினார். உழவன், ஆயன், வணிகன் முதலியோர் தத்தம் தொழிலைத் தாமே எடுத்துரைப்பதாக அந்நூல் அமைந்துள்ளது. அதில் வரும் தோல் தொழிலாளியை இலத்தீன் மூலம் 'சூட்டர்' என்கின்றது. இடைவரியில் எழுதப்பட்ட பழைய ஆங்கிலம் 'ஷோவிர்ஹ்தா', அதாவது 'காலணி செய்வோன்' என்கின்றது. கப்பல் செய்வோன், நாடகம் இயற்றுவோன் ஆகியோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் இறுதியில் நிற்கும் 'ரைட்' என்பதும் இதன் பிற்கூற்றின் வழிவந்ததே.

அத்தொழிலாளி கூறுவது ஊன்றி நோக்கத்தக்கது. அவர் தோலை விலைக்கு வாங்குகின்றார், தாமே பதப்படுத்துகின்றார், பலவகைக் காலணிகள் செய்கின்றார், அத்துடன் நீர்க்குப்பி, கடிவாளம், குதிரைச் சேணப் பொருள்கள், பை முதலியவற்றையும் செய்கின்றார். பதனிடுவோர், காலணி செய்வோர், சேணம் செய்வோர், பை செய்வோர் எனப் பிற்காலத்தில் தனித்தனியே பிரிந்த தொழில்கள் அனைத்தும் அவர் ஒருவரிடமே அடங்கியிருந்தன. பெயர் காலணியைச் சுட்டினும் தொழில் தோல் முழுவதையும் தழுவியது.

இலத்தீனிலிருந்து பழைய ஆங்கிலம் கடன்பெற்ற 'சூட்டெரே' என்னும் சொல்லும் வழங்கியது. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அது 'சூட்டர்' என நிலைத்துக் குடும்பப் பெயராகவும் ஆயிற்று. ராபர்ட் பர்ன்ஸின் 'டாம் ஓ ஷான்டர்' கதைப்பாடலில் வரும் சூட்டர் ஜானி இப்பெயர் தாங்கியவரே. இவ்வாறு வினையால் அமைந்த பெயரும் பொருளால் அமைந்த பெயரும் முன்பே இருக்கையில், மூன்றாவதாக ஒரு பெயர் எதற்கு வேண்டப்பட்டது? நார்மானியரின் பிரெஞ்சு மொழி ஆட்சி மொழியானமை ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமாயின், புதிய பெயர் பழைய பெயர்களின் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை, பெயர்கள் அனைத்தும் அருகருகே வழங்கின. புதிய பெயர் பழைய பெயர்கள் சுட்டாத ஒன்றைச் சுட்டியது. உயர்ந்த தோலைக் கையாளுபவர் என்னும் தகுதியே அது.

3. தோலைப் பிரித்த விதிகள்

லண்டன் கார்ட்வெய்னர்களின் தொழில் விதிகள் 1272 ஐ ஒட்டி நகர ஆட்சியால் ஏற்கப்பட்டன. அக்காலத்து நகர விதிகளில் இருவகைத் தோல்கள் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. ஒன்று கார்ட்வெய்ன், மற்றொன்று 'பாசன்' எனப்பட்ட செம்மறியாட்டுத் தோல். இரண்டையும் ஒரே காலணியில் கலத்தல் தடுக்கப்பட்டது. நுகர்வோர் ஏமாறாமல் காப்பதே விதியின் நோக்கமாகச் சொல்லப்பட்டது. மலிவான செம்மறித் தோலை உயர்ந்த தோலெனக் காட்டி விற்பது எளிது என்பதால் அக்காரணம் பொய்யன்று. எனினும் விளைவு வேறொன்றாகவும் அமைந்தது. இவ்விதிகளால் தோலின் வேறுபாடு, தொழிலாளர்தம் வேறுபாடாக மாறியது.

'பாசன்' என்னும் சொல்லின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. அது உள்ளுறை அல்லது அடித்துணியைக் குறிக்கும் 'பித்தானா' என்னும் அரபுச் சொல்லிலிருந்து ஸ்பானியம், புரொவென்சால், பிரெஞ்சு வழியாக வந்தது. ஆகவே லண்டன் தெருவொன்றில் எதிரெதிராக நின்ற இருவகைத் தொழிலாளரும் தம் பெயர்ப்பொருளை இசுலாமிய ஸ்பெயினிடமிருந்தே பெற்றிருந்தனர். உயர்வு, தாழ்வு எனப் பிரித்த எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒரே வணிக வழியின் சொற்கள் அமைந்துள்ளமை நோக்கத்தக்கது.

அடுத்த பிரிவினை பதனிடுவோர்க்கும் காலணி செய்வோர்க்கும் இடையே நிகழ்ந்தது. இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் 13 ஆம் ஆட்சியாண்டில் (1389–90) இயற்றப்பட்ட சட்டம், காலணி செய்வோர் தோல் பதனிடலாகாது என்றும், பதனிடுவோர் காலணி செய்யலாகாது என்றும் விதித்தது. தோலின் தரத்தை ஆராய வேண்டியவர் அதனை விலைக்கு வாங்கும் காலணித் தொழிலாளரே. இருவரும் ஒருவராயின் அந்த ஆய்வு இல்லாமற்போகும். சட்டத்தின் உட்கிடக்கையை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். ஆல்ஃப்ரிக்கின் தொழிலாளியிடம் ஒன்றாயிருந்தவை நான்கு நூற்றாண்டுகளுக்குள் சட்டத்தாலேயே பிரிக்கப்பட்டன.

4. புதிய தோலும் பழைய காலணியும்

கார்ட்வெய்னர்க்கும் காப்ளர்க்கும் இடையே எழுந்த பூசல் இவ்வரலாற்றின் மையப் பகுதியாகும். 'காப்ளர்' என்பது பழைய காலணியைச் செப்பனிடுவோரைக் குறித்தது. அச்சொல்லின் பிறப்பு தெளிவாகத் துணியப்படவில்லை. 'செப்பனிடு' என்னும் பொருளுடைய 'காபிள்' என்னும் வினை, பெயரிலிருந்து பின்னர்ப் பிரித்தெடுக்கப்பட்டதாகவே கருதப்படுகின்றது. வினையிலிருந்து தொழிற்பெயர் பிறப்பதற்கு மாறாக, இங்குத் தொழிற்பெயரிலிருந்து வினை பிறந்துள்ளது.

புதிய தோலால் புதிய காலணி செய்யும் உரிமை தமக்கே உண்டு என்பது கார்ட்வெய்னரின் நிலைப்பாடு. பழையதைச் செப்பனிடும் பணி காப்ளருடையது. சொல்லளவில் எல்லை தெளிவானதே. ஆனால் நடைமுறையில், தேய்ந்த காலணிக்குப் புதிய அடித்தோல் வைப்பவர் புதிய தோலைத்தான் கையாளுகின்றார். அடித்தோலும் புதிது, மேல்தோலில் பாதியும் புதிது என்றால் அக்காலணி பழையதா, புதியதா? பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் முற்றிய இப்பூசலுக்கு 1409 இல் லண்டன் நகர ஆட்சி ஒரு தீர்வு கண்டது. புதியது செய்தல் கார்ட்வெய்னர்க்கும் பழையது செப்பனிடுதல் காப்ளர்க்கும் உரியன என எல்லை வகுக்கப்பட்டது. பின்னர் 1439 இல் ஆறாம் ஹென்றி மன்னர் கார்ட்வெய்னர் குழுவுக்கு அரச சாசனம் வழங்கினார்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கார்ட்வெய்னர் என்னும் பெயர் முதலில் வெள்ளாட்டுத் தோலைச் சுட்டியது. பிறகு செம்மறித் தோல் அல்லாததைச் சுட்டியது. காப்ளருடனான பூசலில் அது புதிய தோலைச் சுட்டியது. பெயர் மாறவில்லை, எதிராளி மாறினார், அதற்கேற்பப் பெயரின் பொருளும் மாறியது. ஒரு தொழிற்பெயரின் பொருளை வரையறுப்பது அதன் சொற்பிறப்பு அன்று. அது யாரை விலக்குகின்றது என்பதே ஆகும்.

இவ்வேறுபாடு சட்டம் தளர்ந்த பின்னரும் மனத்தில் நிலைத்தது. நார்த்தாம்டன்சயர்ப் பகுதியில் காலணித் தொழில் பயின்று, 1793 இல் வங்கம் வந்து, பன்மொழி அறிஞராகப் புகழ்பெற்றவர் வில்லியம் கேரி. இவரைப் பற்றி வழிவழியாகக் கூறப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. விருந்தொன்றில் ஒருவர் இவரது பழைய தொழிலைக் குத்திக்காட்டும் நோக்கில், இவர் காலணி செய்பவராக இருந்தவர்தாமே எனப் பிறரிடம் வினவ, கேரி இடைமறித்துத் தாம் காப்ளர் மட்டுமே என விடையிறுத்தார் என்பர். பகைவர் இறக்க எண்ணிய படிக்கும் கீழே ஒரு படி இருந்தது என்பதை அங்கிருந்தோர் அனைவரும் அறிந்திருந்தால்தான் அவ்விடைக்குப் பொருள் உண்டு.

5. மூலம் மறந்த பெயர்

கோர்டோபா 1236 இல் காஸ்டில் மன்னரிடம் வீழ்ந்தது. உயர்ந்த ஆட்டுத்தோலுக்குப் பிற ஊர்களின் பெயர்களும் வழங்கலாயின. புத்தகக் கட்டுமானத்தில் பேர்பெற்ற 'மொராக்கோ' தோல் அவற்றுள் ஒன்று. இதற்கிடையே கோர்டோபாவின் செய்முறையைப் பின்பற்றிப் பிற நாடுகளில் பதனிடப்பட்ட தோலும் 'கார்ட்வெய்ன்' என்றே அழைக்கப்பட்டது. கார்ட்வெய்னர்கள் மாட்டுத்தோலாலும் காலணி செய்தனர். ஊரும் நீங்கிற்று, ஆடும் நீங்கிற்று, பெயர் மட்டும் நின்றது. இன்று 'கார்டோவன்' என விற்கப்படும் விலையுயர்ந்த காலணித் தோல், குதிரையின் பின்புறத் தோலிலிருந்து செய்யப்படுவது.

மூலம் மறந்த சொல்லுக்கு மக்கள் புதிய மூலம் கற்பித்தல் இயல்பு. பிரெஞ்சில் 'கோர்துவானியே' என்றிருந்த சொல், கயிறு அல்லது நாடாவைக் குறிக்கும் 'கோர்தோன்' என்னும் சொல்லின் ஈர்ப்பால் 'கோர்தோனியே' எனத் திரிந்தது. காலணி செய்வோரை இன்றும் பிரெஞ்சுமொழி அவ்வாறே அழைக்கின்றது. ஆங்கிலச் சொல்லைக் காண்போர்க்கும் 'கார்ட்' என்னும் கயிறும் 'வெய்ன்' என்னும் பழைய வண்டியும் அதில் இணைந்திருப்பதாகத் தோன்றக்கூடும். ஒலியொப்புமையை மட்டும் நம்பிச் சொற்பிறப்புக் கூறுவோர்க்கு இது ஓர் எச்சரிக்கை.

6. நீதிமன்றத்தில் ஒரு பெயர்

அட்லாண்டிக்கைக் கடந்த ஆங்கிலேயர் இப்பெயரையும் கொண்டு சென்றனர். பாஸ்டனில் 1648 இல் அமைக்கப்பட்ட குழு 'ஷூமேக்கர்' என்னும் பெயரையே பூண்டது. எனினும் பிலடெல்பியாவில் 1794 இல் கூலிக் கைவினைஞர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தபோது 'கார்ட்வெய்னர்' என்னும் பழம்பெயரைத் தேர்ந்தனர். இதில் ஒரு முரண் உண்டு. லண்டனில் அப்பெயர் தொழிற்கூடம் உடைய தலைமைக் கைவினைஞர்களின் பெயர். கூலி கொடுப்போரின் பெயர். பிலடெல்பியாவில் அது கூலி பெறுவோரின் பெயராயிற்று.

1805 இல் கூலி உயர்வு கேட்டு அச்சங்கத்தார் வேலைநிறுத்தம் செய்தனர். உள்ளூரார் அளவுகொடுத்துச் செய்விக்கும் காலணிக்கும், வெளியூர் வணிகர்க்கு மொத்தமாக அனுப்பும் காலணிக்கும் கூலி வேறுபட்டிருந்தமை பூசலுக்கு ஒரு காரணம். தொலைதூரச் சந்தையில் போட்டி மிகுதி என்பது முதலாளிகளின் வாதம். 1806 இல் சங்கத்தினர் எண்மர் மீது, கூலியை உயர்த்தக் கூட்டாகச் சதி செய்தனர் என்னும் குற்றம் சாட்டப்பட்டது. நடுவர் குழு அவர்களைக் குற்றவாளிகள் எனக் கண்டது; ஒவ்வொருவர்க்கும் 8 டாலரும் வழக்குச் செலவும் தண்டமாக விதிக்கப்பட்டன. அமெரிக்கத் தொழிலாளர் சட்ட வரலாற்றில் 'பிலடெல்பியா கார்ட்வெய்னர் வழக்கு' எனப்படும் இது, சங்கம் அமைத்தலையே குற்றமாகக் கருதிய வழக்குகளின் வரிசையைத் தொடங்கிவைத்தது. அக்கருத்து 1842 இல்தான் தளர்ந்தது. பாஸ்டன் பூட்ஸ் தொழிலாளர் சங்கத்தைப் பற்றிய வழக்கில், மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா, தொழிலாளர் கூடுவது தன்னளவில் குற்றமாகாது எனத் தீர்ப்பளித்தார்.

ஜான் ஆர். காமன்ஸ் 1909 இல் அமெரிக்கக் காலணித் தொழிலாளர் குறித்து எழுதிய ஆய்வில், இயந்திரம் வருமுன்னரே சந்தையின் விரிவு தலைவரையும் கூலியாளரையும் பிரித்துவிட்டது எனக் காட்டினார். இவ்விளக்கத்தைப் பெயர் வரலாற்றோடு இணைத்து நோக்கின், கூலியாளர்கள் பழம்பெயரைப் பற்றிக்கொண்டதன் காரணம் விளங்கும். சந்தை அவர்களிடமிருந்து தொழிற்கூடத்தைப் பறித்தது. தம் தொழிலின் மதிப்பையாவது பெயரால் நிலைநிறுத்த அவர்கள் முயன்றனர். ஹாப்ஸ்பாமும் ஜோன் ஸ்காட்டும் 1980 இல் எழுதிய கட்டுரையில், காலணித் தொழிலாளரிடையே அரசியல் முனைப்பு மிக்கிருந்தமைக்குரிய காரணங்களை ஆராய்ந்துள்ளனர். 1792 இல் லண்டனில் நாடாளுமன்றச் சீர்திருத்தம் வேண்டிச் சங்கம் அமைத்து, 1794 இல் அரசதுரோகக் குற்றச்சாட்டில் விசாரிக்கப்பட்டு விடுதலையான தாமஸ் ஹார்டியும் காலணித் தொழிலாளரே.

7. இயந்திரமும் சென்னைத் தோலும்

மாசசூசெட்ஸின் லின் நகரில் 1844 இல் கூலிக் கார்ட்வெய்னர் சங்கத்தார் 'குத்தூசி' என்னும் பொருள்படும் பெயருடன் ஓர் இதழ் நடத்தினர். அதே நகரில் 1860 இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தம் 'ஷூமேக்கர்' வேலைநிறுத்தம் என்றே வரலாற்றில் இடம்பெற்றது. 1867 இல் மில்வாக்கியில் எழுந்த தொழிலாளர் அமைப்பு, காலணித் தொழிலாளரின் காவற்புனிதரான கிறிஸ்பினின் பெயரைச் சூடியது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது இயந்திர மாற்றம். மேல்தோலையும் அடித்தோலையும் இணைத்துத் தைக்கும் பொறிக்கு 1858 இல் லைமன் பிளேக் காப்புரிமை பெற்றார். கால்வடிவ மரக்கட்டையின்மீது மேல்தோலை இழுத்துப் பொருத்தும் கடினமான வேலைக்கும் 1883 இல் யான் மாட்செலிகர் பொறி கண்டார். ஒரு காலணியை முழுமையாகச் செய்பவர் என ஒருவரைச் சுட்டுவதே அரிதானபின், அவர்க்கெனத் தனிப்பெயர் வேண்டப்படவில்லை.

ஆலைகளுக்கு மலிவான மேல்தோல் பெருமளவில் தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவு செய்த இடங்களுள் சென்னை மாகாணமும் ஒன்று. ஆவாரம்பட்டையால் பதனிட்டுக் கடுக்காயால் முடிக்கப்பட்ட அரைப்பதத் தோல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து லண்டன் சந்தைக்குச் சென்றன. அங்கே மெருகேற்றப்பட்டுக் காலணியாயின. கோர்டோபாத் தோல் தன் ஊரின் பெயரோடு ஐரோப்பாவை அடைந்தது. சென்னைத் தோலோ 'கிழக்கிந்தியத் தோல்' எனப் பொதுப்பெயரால் வணிகப் பட்டியலில் இடம்பெற்றது. அதனைப் பதனிட்டவர்க்கு லண்டன் தொழிற்பெயர் எதிலும் இடமில்லை. ஒரு தோலின் ஊர் நினைக்கப்படுவதும் மறக்கப்படுவதும், அது எந்த நிலையில் எந்தச் சந்தையை அடைகின்றது என்பதைப் பொறுத்தது.

இதன் மறுதலையும் சென்னையிலேயே நிகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டனின் முயற்சியால் இங்குக் குரோம் முறைத் தோல் பதனிடுதல் அறிமுகமாயிற்று. பல்லாவரத்தை ஒட்டி எழுந்த குரோம் தோல் ஆலையின் பெயரால் குரோம்பேட்டை பெயர்பெற்றது. கோர்டோபாவில் ஊர் தோலுக்குப் பெயர் தந்தது. குரோம்பேட்டையில் தோல் ஊருக்குப் பெயர் தந்தது.

8. ஆவணங்களில் தொழிற்பெயர்: ஆய்வு நெறி

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, தொழிற்பெயர் வரும் எந்த ஆவணத்திடமும் எழுப்பத்தக்க மூன்று வினாக்கள் கிடைக்கின்றன. அப்பெயர் வினை, செய்பொருள், மூலப்பொருள் ஆகியவற்றுள் எதனைச் சுட்டி அமைந்தது? அதனை அவ்வாவணத்தில் வழங்குபவர் யார்? அதனால் விலக்கப்படுபவர் யார்? சொற்பிறப்பு முதல் வினாவுக்கு மட்டுமே விடையளிக்கும். பிற இரண்டிற்கும் வரலாறே விடையளிக்க வேண்டும்.

தமிழகக் கல்வெட்டு ஆய்விலும் இந்நெறி பயன்படும். கொங்கு நாட்டுக் கண்மாளர்க்குக் கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயருடைய மன்னர் வழங்கிய ஆணை ஒன்று கல்வெட்டில் உள்ளது. நன்மைக்கும் தீமைக்கும் இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், வெளியே செல்லும்போது காலணி அணியவும், வீட்டுச் சுவர்க்குச் சாந்து பூசவும் அவர்க்கு உரிமை தரப்பட்டது. அக்கல்வெட்டில் 'கண்மாளர்' என்னும் சொல்லை 'உலோகம், மரம், கல் ஆகியவற்றில் வேலை செய்வோர்' என்று மட்டும் பொருள்கொண்டால் ஆணையின் உயிர் புலப்படாது. அங்கு அச்சொல் உரிமை பெறும் ஒரு குழுவின் பெயர். அவ்வுரிமை அதுவரை அவர்க்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதையும் உணர்த்தும் பெயர். லண்டனில் காலணி செய்யும் உரிமை வழக்காயிற்று. கொங்கில் காலணி அணியும் உரிமை ஆணையாயிற்று. இரண்டின் சமூக அடித்தளங்களும் வேறானவை. தொழிற்குழுவில் பயிற்சியாலும் கட்டணத்தாலும் சேர இயன்றது. சாதியில் அவ்வாறு இயலாது. ஆயினும் இரண்டிலும் தொழிற்பெயர் உரிமையின் பெயராகவே பதிவாகியுள்ளது.

முடிவுரை

'கார்ட்வெய்னர்' என்னும் சொல் ஊர், தோல், தொழிலாளி, உரிமை என நான்கு நிலைகளைக் கடந்து வந்துள்ளது. எட்டாம் நூற்றாண்டின் கையூட்டுப் பட்டியலில் தொடங்கிய தோற்பெயர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழிலாளர் போராட்டம் வரை ஒரு தொழிற்பெயராக உயிர்வாழ்ந்தது. கோர்டோபாவின் தோல் நீங்கிய பின்னரும் அப்பெயர் நீடித்தமைக்கு அதன் உரிமைப் பொருளே காரணம். அவ்வுரிமை பொருளிழந்தபோது பேச்சு வழக்கு அதனைக் கைவிட்டது. உரிமையைப் பதிவு செய்த ஆவணங்களும் நிறுவனங்களும் அதனைக் கைவிடவில்லை. ஆகவே பழைய பதிவேடு ஒன்றில் ஒருவர் 'கார்ட்வெய்னர்' எனக் குறிக்கப்பட்டிருப்பின், அவர் எத்தோலால் என்ன செய்தார் என்பதை அப்பெயர் உறுதியாகச் சொல்லாது. தம்மை யாரிடமிருந்து வேறுபடுத்திக்கொண்டார் என்பதைச் சொல்லும். தொழிற்பெயர்களைச் சான்றாகக் கொள்ளும் சமூக வரலாற்றாய்வு இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்டு அமைதல் வேண்டும்.